பன்னிரண்டு மணிச் சாப்பாடு

கிச்சன் சுவரில் பேனரை மாட்ட ருக்ஸானா தானே ஏணி ஏறினாள். ஐம்பத்தொரு வயது, முழங்கால் வலி வேறு. பொட்டலம் கட்டும் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் யாமினி கீழே நின்று, "அக்கா, ஸ்லோ லா, விழுந்துடாதீங்க!" என்று கத்திக்கொண்டிருந்தாள். ஆனாலும் அந்த வேலையை இன்னொருவர் கையில் கொடுக்க ருக்ஸானாவுக்கு மனசு வரவில்லை. இரண்டு நாள் தலைமைத்துவப் பயிற்சிக்குப் போய் வந்திருந்தாள். ஒரு நிறுவனத்தை நடத்துகிறவருக்குத் தொலைநோக்கு வேண்டும், அதைத் தன் ஆட்களின் மனசில் ஏற்றத் தெரிய வேண்டும் என்று அங்கே சொன்னார்கள். மூன்று நாள் உட்கார்ந்து எழுதி, லிட்டில் இந்தியாவில் ஓர் அச்சுக்கடையில் கொடுத்து அடித்து வாங்கி வந்த பேனராக்கும் அது. 'தென்கிழக்காசியாவின் தலைசிறந்த உணவுச் சேவை நிறுவனமாகத் திகழ்வதே நமது தொலைநோக்கு.' பச்சை எழுத்து, தங்க நிறக் கரை.

தலைமைச் சமையல்காரர் ராமலிங்கம் கரண்டியும் கையுமாக வந்து நின்று அதை முழுக்கப் படித்தார். கிச்சனில் எல்லோருக்கும் அவர் மாஸ்டர்.

"நல்லாருக்கு மேடம்," என்றார். "தென்கிழக்காசியா அது பாட்டுக்கு இருக்கட்டும். மூணாவது அடுப்புக்கு மேல ஃபேன் ஓடல. அதை முதல்ல ரிப்பேர் பண்ணிக் குடுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். ருக்ஸானாவும் சிரித்து வைத்தாள். ஒரே வாரத்தில் பேனரின் ஓரத்து ஆணியில் யாருடைய ஏப்ரனோ தொங்கியது. அடேயப்பா, அவ்வளவு பெரிய தொலைநோக்கு, கடைசியில் துணி காயப்போடத்தான் உதவிற்று!

ருக்ஸானா ஒன்றும் பெரிய இடத்துப் பெண் இல்லை. தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவரின் மகள். பள்ளிப் படிப்போடு சரி. இருபத்து நாலு வயதில் உட்லண்ட்ஸ் தொழிற்பேட்டையில் அப்துல் காதரின் கிச்சனுக்குப் பொட்டலம் கட்ட வந்தவள், அங்கேயே நின்றுவிட்டாள். கல்யாணம், இரண்டு பிள்ளைகள், கணவனின் மரணம் எல்லாம் அந்த வேலைக்கு நடுவில்தான் நடந்தன. காதர் மாமாவுக்கு எழுபத்து நாலு வயசானதும், கிச்சன் முழுக்க அவள் பொறுப்புக்கு வந்தது. முப்பத்தெட்டுப் பேர். தினம் நாலாயிரத்துச் சொச்சம் ஆட்களுக்குக் காலையும் மதியமும் சாப்பாடு. சாப்பிடுகிறவர்கள் கிராஞ்சிப் பக்கத்து விடுதிகளில் தங்கியிருக்கும் கட்டுமானத் தொழிலாளிகள்.

அந்த வேலை எப்படி நடக்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள், அதில்தான் விஷயமே இருக்கிறது. ராத்திரி சமையல் ஆரம்பித்து மூன்று மணிக்கு முடியும். ஐந்து மணிக்குள் விடுதிக்குப் போய்விடும். காலைச் சாப்பாடு ஒரு பொட்டலம், மதியச் சாப்பாடு ஒரு பொட்டலம், இரண்டும் ஒரே நேரத்தில் கையில். ஆட்கள் இரண்டையும் எடுத்துக்கொண்டு லாரியில் ஏறி வேலையிடத்துக்குப் போவார்கள். மதியப் பொட்டலத்தை அங்கே ஓர் ஆணியிலோ கம்பியிலோ மாட்டிவிட்டு வேலையில் இறங்குவார்கள். பன்னிரண்டு மணிக்கு எடுத்துப் பிரிப்பார்கள். இந்த ஊர் வெயிலில் ஒன்பது மணி நேரம் கிடந்த சோறும் சாம்பாரும் எப்படி இருக்கும் என்று நான் சொல்லவும் வேண்டுமா?

ஆனால் கிச்சன் மேல் ஒருவரும் குற்றம் சொல்ல முடியாது. ஏனென்றால் பொட்டலத்தின் மேல் ஸ்டிக்கர் இருந்தது. 'காலை 7 மணிக்குள் உண்ணவும்.' மூன்று மொழியில், கொட்டை எழுத்தில். மதியச் சாப்பாட்டின் மேலும் அதே ஸ்டிக்கர்தான். சமைத்து நாலு மணி நேரத்துக்குள் சாப்பிடச் சொல்லியாயிற்று, அதற்கு மேல் அவரவர் பாடு. யாராவது போன் போட்டுப் புளிச்ச வாடை அடிக்குது என்று சொன்னால் பதில் தயாராக இருக்கும்: "ஸ்டிக்கர்ல என்ன போட்டிருக்கு?"

அந்த ஸ்டிக்கரைக் கொண்டு வந்தவள் ருக்ஸானாதான். ஒன்பது வருஷம் முன்னால் புகார் மேல் புகாராக வந்தபோது, மெஷின் வாங்கி, நேரம் போட்டு ஒட்டி, எல்லாரையும் பழக்கியது அவள். "மூளைக்காரி இவ!" என்று காதர் மாமா அவளை மேனேஜர் ஆக்கியதே அதற்காகத்தான்.

பேனர் மாட்டி மூன்று மாசம் இருக்கும். தஞ்சோங் பகாரில் ஓர் அலுவலகக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்த இடத்தில் பதினாலு பேர் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வாந்தியெடுத்து விழுந்தார்கள். அங்கமுத்து என்ற ஆள் மட்டும் மூன்று நாள் மருத்துவமனைப் படுக்கையில் கிடந்தான். அதிகாரிகள் வந்து கிச்சனைத் தலைகீழாகப் புரட்டிப் பார்த்தார்கள். அடுப்பு சுத்தம், பாத்திரம் சுத்தம், ஆட்களின் கை நகம் வரைக்கும் சுத்தம். குறிப்பிட்ட நேரத்தைத் தாண்டிச் சாப்பிட்டதால் வந்த வினை என்று அறிக்கை வந்தது.

"அக்கா, நம்ம க்ளியர் லா!" என்று யாமினி குதித்தாள். வேன் ஓட்டுகிற ஜாஃபர் எல்லாருக்கும் தே தாரிக் வாங்கி வந்தான். காதர் மாமா வீட்டிலிருந்து போன் போட்டு, "அல்லாஹ் காப்பாத்துனான்" என்றார்.

ருக்ஸானா அந்தத் தேநீரை அப்படியே மேஜையில் வைத்தாள். என்னவோ மனசு கேட்கவில்லை. அன்று பிற்பகல் ஒரு பை நிறைய ஆரஞ்சு வாங்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனாள்.

அங்கமுத்துவுக்கு முப்பத்து நாலு வயது இருக்கும். புதுக்கோட்டைப் பக்கம். கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. எந்தக் கிச்சனிலிருந்து வந்திருக்கிறாள் என்று தெரிந்ததும் எழுந்து உட்காரப் பார்த்தான். திட்டப் போகிறான் என்றுதான் அவள் நினைத்தாள்.

"உங்க கிச்சன் சாப்பாடாக்கா? நல்லா இருக்கும்க்கா," என்றான்.

கேலி செய்கிறானோ என்று அவள் அவன் முகத்தைப் பார்த்தாள்.

"நெசமாத்தான் சொல்றேன். காலைல லாரில ஏறி உக்காந்ததும் மதியப் பொட்டலத்த ஒருதரம் பிரிச்சு மோந்து பாப்பேன். சாம்பார் அப்ப சூடா இருக்கும். அப்படி ஒரு வாசம்! அப்புறம் மூடிக் கட்டிருவேன். மதியம் சாப்பிடறப்ப அந்த வாசத்த நெனச்சுக்கிட்டே சாப்பிட்டுருவேன். ஆறு வருசமா அப்படித்தாங்க்கா."

"ஸ்டிக்கர்ல ஏழு மணிக்குள்ளன்னு போட்டிருக்கே தம்பி," என்றாள் ருக்ஸானா. சொன்ன பிறகுதான், எதைச் சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது.

"படிச்சிருக்கேங்க்கா. ஏழு மணிக்கே அதையும் சாப்பிட்டுட்டா, பன்னெண்டு மணிக்கு எதைச் சாப்பிடறது?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்கிறவன் மாதிரிதான் கேட்டான். ருக்ஸானா ஆரஞ்சுப் பையைப் படுக்கையோரம் வைத்துவிட்டு வெளியே வந்து, பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து அழுதாள். மூன்று பேருந்து வந்து போயின.

மறுநாளே காதர் மாமா வீட்டுக்குப் போனாள். "மாமா, இனிமே மதியச் சாப்பாட்டைப் பகல்ல சமைச்சு, பன்னெண்டு மணிக்கு வேலையிடத்துக்கே சூடா கொண்டு போய்க் குடுக்கணும்."

பெரியவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "கரண்டி பிடிக்கறது நீயுமில்ல, நானுமில்ல. ஆளுங்க ஒத்துக்கிட்டா செய். அவங்க வரலைன்னா பாதி கிச்சன் காலியாயிடும். அதுக்கு நான் சம்மதிக்க மாட்டேன்."

"அவங்க வரலைன்னா நானும் போயிடறேன் மாமா. திரும்பி அந்த ஸ்டிக்கரை என்னால ஒட்ட முடியாது."

சொல்லிவிட்டாள், பயம் பிறகுதான் வந்தது. இருபத்தேழு வருஷம் அவளுக்குத் தெரிந்த ஒரே இடம் அது. அதை விட்டால் இந்த வயதில் எங்கே போவாள்?

வாரக் கடைசியில் கூட்டம் போட்டாள். பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடியே படங்களெல்லாம் போட்டு, 'நமது புதிய தொலைநோக்கு' என்று தலைப்பு வைத்து, அம்புக்குறி, வட்டம், சதவீதம். இருபது நிமிஷம் பேசினாள்.

எல்லைக்கு அப்பால் ஜொகூரிலிருந்து தினமும் பாலம் தாண்டி வருகிற பெண்கள் பன்னிரண்டு பேர். அவர்கள்தான் முதலில் வாயைத் திறந்தார்கள். ராத்திரி வந்தால் பாலம் காலி, காலையில் வந்தால் இரண்டு மணி நேரம் நெரிசலில் நிற்க வேண்டும். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது யார்? வேன் ஓட்டுகிறவர்கள், நகரத்துக்குள் பன்னிரண்டு மணிக்கு எங்கே நிறுத்துவது என்றார்கள். எல்லாம் நியாயமான கேள்விதான். சும்மா சொல்லக் கூடாது, யாரும் வீம்புக்குப் பேசவில்லை.

ராமலிங்கம்தான் கடைசியில் எழுந்தார். முகம் சிவந்திருந்தது. "இருபத்தாறு வருஷமா இங்க சமைக்கிறேன் மேடம். என் கையால ஆக்குனது கெட்டுப் போச்சுன்னு என் வாயாலயே சொல்லச் சொல்றீங்களா?"

"கெட்டுப் போகுது மாஸ்டர். அது உங்க தப்பில்ல..."

"அப்ப என்ன? ஸ்டிக்கர்லதான் போட்டிருக்குல்ல?"

முப்பத்தெட்டுப் பேரும் தலையாட்டினார்கள். அவளே சொல்லிக்கொடுத்த வாக்கியம். ஒன்பது வருஷமாக அவளே ஊட்டி வளர்த்தது, பொட்டில் அறைந்தாற்போல் அவளுக்கே திரும்பி வந்தது. பேச வேண்டியது எதுவோ, அதை அவள் இன்னும் பேசவில்லை. அன்று அவளால் சொல்ல முடியவில்லை. "சரி, போய்ட்டு வாங்க" என்றாள்.

அடுத்த வாரம் யோசித்து யோசித்து ஒரு காரியம் செய்தாள். இத்தனை வருஷமாக அந்தக் கிச்சனில் ஒரு வழக்கம். சமையல் இறங்கியதும் அண்டாவிலிருந்து ஆவி பறக்க எடுத்துத் தட்டில் போட்டு எல்லோரும் ஒன்றாய் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் பொட்டலம் கட்டவே ஆரம்பிப்பார்கள். அங்கே சமைத்தவர்கள், கட்டியவர்கள், ஏற்றியவர்கள் ஒருவருமே அந்தச் சாப்பாட்டைப் பன்னிரண்டு மணிக்குச் சாப்பிட்டதில்லை. ருக்ஸானாவும்தான்.

சனிக்கிழமை விடியற்காலை வேன் கிளம்பும்முன், அதே நாலாயிரத்தில் கைக்கு வந்த முப்பத்தெட்டுப் பொட்டலத்தை எடுத்து, சாமான் இறக்கும் தளத்தில் கம்பி கட்டி வரிசையாக மாட்டினாள். வீட்டுக்குக் கிளம்பியவர்களிடம், "இன்னிக்கு மத்தியானம் ஒரு நாள் என்கூட சாப்பிடுங்க. ஸ்லைடு கிடையாது," என்றாள். பாலம் தாண்ட வேண்டியவர்களை யாமினி தன் வீட்டில் படுக்கவைத்தாள்.

பன்னிரண்டு மணிக்கு முப்பத்தோரு பேர் வந்தார்கள். அறிக்கை சாதகமாக வந்ததற்கு விருந்து என்று ஒரு பேச்சு எப்படியோ கிளம்பியிருந்தது. பெண்கள் சிலர் பட்டுச் சேலை கட்டி, பூ வைத்து வந்திருந்தார்கள். ஜாஃபர் சென்ட் அடித்துக்கொண்டு வந்து, "அக்கா, பிரியாணி எங்க? வாசமே காணோம்," என்றான்.

ருக்ஸானா கம்பியிலிருந்து பொட்டலங்களைக் கழற்றி ஆளுக்கு ஒன்றாகக் கையில் கொடுத்தாள். தளத்தில் வெயில் அடித்தது. நாற்காலி போடவில்லை. தானும் ஒன்றை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து பிரித்தாள். சோறு கட்டி கட்டியாக ஒட்டியிருந்தது. சாம்பார்ப் பை உப்பியிருந்தது. முடிச்சை அவிழ்த்ததும் கிளம்பிய வாடையை அங்கிருந்த யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மூலையிலிருந்து ஒருத்தி, "ஐயோ" என்றாள், அவ்வளவுதான்.

"நீங்க சாப்பிட வேணாம்," என்றாள் ருக்ஸானா. "பாருங்க, போதும்."

பிறகு அங்கமுத்துவைப் பற்றிச் சொன்னாள். அலங்காரம் எதுவும் இல்லை. அவன் மோந்து பார்த்து மூடி வைப்பதை அவன் சொன்ன மாதிரியே சொன்னாள். ஏழு மணிக்கே சாப்பிட்டுவிட்டால் பன்னிரண்டு மணிக்கு எதைச் சாப்பிடுவது என்று அவன் கேட்டதையும் சொன்னாள்.

"அந்த ஸ்டிக்கரைக் கொண்டு வந்தவ நான். அந்தப் பொட்டலத்தைப் பன்னெண்டு மணிக்குத்தான் சாப்பிடுவாங்கன்னு ஒட்டும்போதே எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் ஒட்டுனேன். நம்ம தப்பிக்கறதுக்கு ஒட்டுனேன். அதுக்குத்தான் எனக்கு மேனேஜர் பதவி குடுத்தாங்க. உங்க யார் மேலயும் தப்பில்ல, எல்லாம் நான் செஞ்சது." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு ஒரே ஒரு ஆசை. பன்னெண்டு மணிக்கு அந்தாளு பொட்டலத்தைப் பிரிச்சா, அது சூடா இருக்கணும். அதுக்கு மேல எனக்கு எதுவும் சொல்லத் தெரியல."

ராமலிங்கம் தன் பொட்டலத்தைப் பிரித்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு பிடி எடுத்து வாயில் போட்டு மென்றார். யாமினி, "மாஸ்டர், வேணாம்!" என்று கையைப் பிடித்தாள். அவர் விலக்கிவிட்டார்.

"நீங்க மட்டுமா மேடம்?" என்றார், தலை நிமிராமல். "நான் சாம்பார்ல பருப்பு ஏன் கம்மி பண்றேன் தெரியுமா? பருப்பு நொதிச்சுரும். தேங்காய நிறுத்தி எட்டு வருஷமாச்சு, அது சீக்கிரம் புளிச்சுரும். உப்பும் புளியும் ஒரு கை தூக்கலாப் போடுவேன், மத்தியானம் வரைக்கும் கொஞ்சமாவது தாங்கட்டும்னு. யார்கிட்டயும் சொன்னதில்ல. சொன்னா தெரிஞ்சுதான் செய்யறோம்னு ஆயிடும்ல?"

அதற்குப் பிறகு ஒவ்வொருவராக வாய் திறந்தார்கள். வாழைக்காய் வாங்கினால் கெட்டுப் போகும் என்று உருளைக்கிழங்கே வாங்கியதாக ஒருவர் சொன்னார். ஜாஃபர், விடுதி வாசலில் ஆட்கள் முகத்தைப் பார்க்காமல் பெட்டிகளை இறக்கிவைத்துவிட்டு ஓடி வந்துவிடுவேன் என்றான். அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது. அத்தனை பேரும் தனித்தனியாகக் கமுக்கமாக வைத்திருந்திருக்கிறார்கள்.

அன்றைக்கே எல்லாம் மாறிவிடவில்லை. ஆறு பேர் வேலையை விட்டுப் போனார்கள், அதில் நாலு பேர் பாலம் தாண்டி வருகிறவர்கள். அவர்களைக் குறை சொல்ல ருக்ஸானாவுக்கு வாய் வரவில்லை. மிச்சப் பேர் ஒத்துக்கொண்டதால் காதர் மாமாவும் மறுக்கவில்லை. மற்ற ஜொகூர்ப் பெண்களுக்கு உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் வேன் நிறுத்தி, வேலை தொடங்கும் நேரத்தையும் தள்ளிப் போட்டாள். பத்தொன்பது வேலையிடத்தில் ஐந்துதான் பன்னிரண்டு மணிச் சாப்பாட்டுக்குச் சம்மதித்தது. மற்ற இடத்துக்காரர்கள், பார்க்கலாம் என்றார்கள். அந்தப் பதினாலு இடத்துக்கும் ராத்திரிச் சமையல் இன்னும் நடக்கிறது, ஸ்டிக்கரும் ஒட்டத்தான் செய்கிறார்கள். ஒட்டுவதில்லை என்று சொன்னவள் அவள். அதைத் தினமும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஆளுக்காள் மிச்சப் பதினாலு, மிச்சப் பதினாலு என்று முணுமுணுப்பது மட்டும் கிச்சனில் புதுசு. பேனரை எப்போது யார் கழற்றினார்கள் என்று தெரியவில்லை.

பன்னிரண்டு மணிச் சாப்பாடு போன முதல் நாள், வேன் கிளம்பும்போது ராமலிங்கம் தாமாக வந்து முன் சீட்டில் ஏறிக்கொண்டார். "சும்மா பாத்துட்டு வரேன்," என்றார். இருபத்தாறு வருஷத்தில் தன் சாப்பாட்டை ஒரு கட்டுமானத் தொழிலாளி சாப்பிடுவதை அவர் பார்த்ததே இல்லை.

தஞ்சோங் பகாரில் வேன் நின்றபோது மணி பதினொன்று ஐம்பது. ருக்ஸானா இறங்கி அண்ணாந்து பார்த்தாள். அவள் அத்தா மூட்டை தூக்கிய பக்கம்தான், இப்போது கண்ணாடிக் கட்டடம். ஆட்கள் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு வரிசையில் வந்தார்கள். நாலாவதாக அங்கமுத்து. இளைத்திருந்தான். அவளைப் பார்த்துச் சிரித்துத் தலையசைத்துவிட்டுப் பொட்டலத்தை வாங்கினான். சூடு பொறுக்காமல் கை மாற்றிக்கொண்டான்.

ஓரமாகப் போய்ப் பிரித்தான். குனிந்து, கண்ணை மூடி, ஒருதரம் நன்றாக மோந்து பார்த்தான். பிறகு பொட்டலத்தை மூடி, ரப்பர் பேண்டைப் போட்டு, மாட்டுவதற்கு ஆணி தேடினான்.

ருக்ஸானா கூப்பிடுவதற்குள் ராமலிங்கம் ஓடினார். அந்த உடம்பை வைத்துக்கொண்டு, கல்லும் கம்பியும் கிடந்த இடத்தில் ஓடினார்.

"தம்பி! மூடாதய்யா!" என்று கத்தினார். "இது இப்பவே சாப்பிடறதுக்கு! இப்பவே, இப்பவே!"

அங்கமுத்து ஒரு கணம் விழித்தான். கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், வெட்கப்பட்டுச் சிரித்தான். "ஆமால்ல," என்று உட்கார்ந்து மறுபடி பிரித்தான். சாம்பாரை ஊற்றிப் பிசைந்தான். முதல் வாய், இரண்டாம் வாய், மூன்றாம் வாய். தலை நிமிரவே இல்லை.

"எப்படிய்யா இருக்கு?" என்றார் ராமலிங்கம்.

"சொல்லட்டுமாண்ணே? கோச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"உப்பு தூக்கல்ண்ணே."

திரும்பி வரும் வழியில் வேனில் ஜாஃபர் ரேடியோவைப் போடப் போனான், ருக்ஸானா வேண்டாம் என்று கை காட்டினாள். புக்கித் தீமா தாண்டியதும் ராமலிங்கம் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

"இத்தனை வருஷத்துல பொட்டலம் வாங்கற ஒருத்தன்கூட எனக்கு உப்பு தூக்கல்னு சொன்னதில்ல மேடம்," என்றார். "பன்னெண்டு மணிக்கு அந்தப் புளிச்ச வாடையில உப்பே தெரிஞ்சிருக்காது."